ஒரு மணி ரோல் கால்

ஜூலை 3, வியாழன்

டாக்டர் சொன்னார் என்பதற்காகத்தான் இந்த எழுத்து. என்ன சாப்பிட்டேன், அதன் பிறகு வயிறு என்ன சொன்னது என்று தினமும் எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். வயிற்றுப் புண் ஓட்டையாகி, கிழித்துத் தைத்தவர் அவர். சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

காலை: இட்லி, சட்னி இல்லாமல். சட்னி இல்லாத இட்லியை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் டூட்டியில் சேர்ந்தேன். தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறை அப்படியே இருக்கிறது. அதே மேசை, அதே மைக், அதே சத்தம் போடும் மின்விசிறி. இரண்டாவது ஆபரேட்டர் இடமும் அப்படியே காலியாக இருக்கிறது. எட்டு ஸ்டேஷன்களுக்கும் பகல் முழுக்க நான் ஒருத்திதான் காது. காலை எட்டு மணிக்கு ரோல் கால் எடுத்தேன். ஒவ்வொரு ஸ்டேஷனையும் பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக "தெளிவு" என்றார்கள். முத்தலாபுரம் ஸ்டேஷன் ஏசுவடியான் அண்ணாச்சி மட்டும் "தெளிவு, வாங்க மேடம்" என்று இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொன்னார். மனசுக்கு இதமாக இருந்தது.

மதியம்: ரசம் சோறு, குழைய வடித்தது. இவர் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் பாலவேசம், அச்சாபீஸ்களுக்குப் பேப்பர் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறார். சூடாக, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன வார்த்தையை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, லோடுக்கு நடுவில் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து எடுத்து வந்துவிட்டார். காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். கையில் வாக்கி டாக்கி வைத்திருந்தேன்.

வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளி போனிலேயே பார்க்கிற மாதிரி ஏதோ மாட்டிவிட்டாரே, இங்கே வந்தால் திட்டமாட்டாரா என்று கேட்டேன். அதெல்லாம் சரிபண்ணியாச்சு, நீ தின்னு என்றார். சரிபண்ணத் தெரிந்த மனுஷன்தான்.

வயிறு: சமர்த்தாக இருந்தது.

ஜூலை 7, திங்கள்

மதியம்: பருப்புச் சோறு, நெய் ஒரு சொட்டு. நன்றாக இறங்கியது. சாயங்காலம் எல்லாம் கெட்டுப்போனது.

ஏசுவடியான் அண்ணாச்சி போன் செய்தார். மதியம் வைக்கோல் போர் ஒன்று பற்றி எரிந்ததாம். கூடுதல் தண்ணீர் கேட்டுப் பலமுறை மைக்கில் கூப்பிட்டாராம், நான் பதிலே சொல்லவில்லையாம். வாக்கி கொஞ்சம் இரைந்ததே தவிர ஒரு குரலும் வரவில்லை என்றேன். "சரி மேடம், சாப்பாட்டு நேரம். மனுஷங்கதானே" என்றார். அந்த 'மனுஷங்கதானே' என்பதில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பதினாறு வருஷ சர்வீஸில் ஒரு கூப்பிடலை நான் தவறவிட்டதில்லை. வாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் கக்கூசுக்கே போகிறேன். அவர் வயர்லெஸ் செட்டில் பேட்டரி இறங்கியிருக்கும். அதை ஒத்துக்கொண்டால் செட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஒர்க்‌ஷாப்புக்கு அலைய வேண்டும். அதற்கு என் தலைதான் கிடைத்ததா?

வயிறு: எரிந்தது. சாப்பாட்டால் அல்ல.

ஜூலை 9, புதன்

மதியம்: மோர்ச் சோறு. ரேடியோ பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

இன்னொரு ஸ்டேஷனும் அதையே சொல்லிவிட்டது. மதியம் கன்ட்ரோல் பதில் சொல்வதில்லையாம். மாவட்ட அலுவலர் மாடிக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. உடம்பு முடியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் லீவு போடுங்கள், வேலை நேரத்தில் மரத்தடிக்குப் போக வேண்டாம் என்றார். எழுதியும் கொடுத்தார். அவர் அறை ஜன்னலில் இருந்து வேப்பமரம் தெரிகிறது. எத்தனை பேர் நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துச் சிரித்தார்களோ என்று கூசிப்போனேன்.

வீட்டில் சொன்னதும் இவர் சோறு கிண்டிய கரண்டியோடு நின்றுவிட்டார். பிறகு ஒரு யோசனை சொன்னார். வண்டியை மரத்தடியில் நிறுத்துவதற்குப் பதில் பின்பக்கமாகக் கொண்டுவந்து, வயர்லெஸ் டவருக்குக் கீழே, என் ஜன்னலை ஒட்டி நிறுத்திவிட்டால் டிபன் கேரியரை ஜன்னல் வழியாகவே கொடுத்துவிடலாம். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். இந்த மூளை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கன்னத்தைக் கிள்ளினேன்.

ஜூலை 12, சனி

மதியம்: கீரைக் கடைசல், சோறு. ஜன்னல் வழியாக வந்தது. மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு முழம் கூட இல்லை. இனி எவன் என்ன சொல்வான் பார்ப்போம்.

நான் சாப்பிட்டு முடிக்கிற வரை இவர் வண்டியிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் கூட இப்படிப் பார்த்ததில்லை.

ஜூலை 15, செவ்வாய்

நிலைமை முன்பைவிட மோசம். நேற்று மதியம் எட்டு ஸ்டேஷன்களில் ஒன்று கூடக் கேட்கவில்லை. நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்டது போல ஒரு இரைச்சல், அவ்வளவுதான். ஒரு விதத்தில் நிம்மதி. நான் நாற்காலியில்தான் இருந்தேன் என்பது தெரிந்துவிட்டது.

வயர்லெஸ் டெக்னீஷியன் நெல்லையப்பன் காலை பஸ்ஸில் வந்தார். ரோல் கால் எடுத்தோம். எட்டும் தெளிவு. டவரில் ஏறினார், கேபிளை மாற்றினார், மறுபடி கூப்பிட்டோம். மறுபடியும் தெளிவு. அவருக்கு மதியத்துக்குள் திரும்புகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கிளம்பும்போது சொன்னார்:

"செட்டு நல்லாத்தான் இருக்கு மேடம். காதுக்குப் பக்கத்துல ஒருத்தன் நின்னு கத்திக்கிட்டே இருந்தா, தூரத்துல கூப்பிடுறது கேக்குமா? அதுமாதிரி இங்க பக்கத்துல ஏதோ ஒண்ணு கத்துது. மனுசக் காதுக்குக் கேக்காது, செட்டுக்குக் கேக்கும். புதுசா என்ன வந்திருக்குன்னு பாருங்க."

புதிதாக வந்தது மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெல்டிங் பட்டறைதான். டூட்டி முடிந்து போய் அந்த ஆளிடம் ஒரு பிடி பிடித்தேன். உன் மிஷினால் ஊர் எரிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். அவர் மதியம் கடையை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாராம். பக்கத்துக் கடைக்காரரும் சாட்சி சொன்னார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

இவர் முந்தாநாள் கேரளா லோடு போய்விட்டார். மதியம்: கேன்டீன் தோசை. வயிறு: சுருக் சுருக்கென்று பிடித்தது.

மூன்று நாளாக ரேடியோ கண்ணாடி மாதிரி இருக்கிறது. நெல்லையப்பனுக்குப் போன் செய்து சொன்னேன். கேபிள்தான் மேடம் கோளாறு, நான் அப்போதே நினைத்தேன் என்றார். முத்தலாபுரம் அண்ணாச்சி மதியம் தானாகவே கூப்பிட்டு, "இப்பக் கேக்குதா மேடம்?" என்றார். கேட்கிறது என்றேன். முகத்தைப் பார்க்காமலேயே அவர் சிரிப்பது தெரிந்தது.

ஜூலை 22, செவ்வாய்

மதியம்: சோறு, பாசிப்பருப்பு, அப்பளம் சுட்டது. இவர் வந்துவிட்டார். நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வந்திருந்தார். நீ தின்னக் கூடாது, மகள் லீவுக்கு வரும்போது கொடுக்கணும், எடுத்து வை என்று வண்டிக்குக் கூப்பிட்டார். ஒரு நிமிஷம்தானே என்று வாக்கியோடு இறங்கிப் போனேன்.

வண்டிக்குள் தலையை நீட்டியதும் வாக்கி இரைந்தது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், சிகரெட் பற்றவைக்கும் துளையில், கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பாக ஒன்று செருகியிருந்தது. நீலமாய் ஒரு புள்ளி வெளிச்சம். என்ன இது என்றேன். சார்ஜர் என்றார். சார்ஜர் என்றால் ஒயர் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர் வண்டியைப் பின்னால் எடுத்து, கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பும் வரை அங்கேயே நின்றேன். இரைச்சல் மெலிந்து மெலிந்து நின்றது. யாரோ யாரிடமோ டீசல் பில் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது துல்லியமாகக் கேட்டது.

சிப்ஸ் பாக்கெட்டை மேசை டிராயரில் வைத்தேன். சாயங்காலம் வீட்டில் துணி மடித்தேன், அரிசி புடைத்தேன், புடைத்த அரிசியையே மறுபடியும் புடைத்தேன். ரேடியோ பற்றி இன்று எழுத எதுவும் இல்லை.

வயிறு: தெரியவில்லை.

ஜூலை 23, புதன்

நாளையிலிருந்து மதியம் வர வேண்டாம், நானே தயிர்ச் சோறு எடுத்துப்போகிறேன் என்று சொன்னேன். ஏன் என்றார். சும்மா என்றேன். என் சமையல் அலுத்துவிட்டதா என்றார். இல்லை என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கறுப்புச் சாமானைப் பற்றி அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை. வராமல் இருந்தால் போதும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

ஜூலை 24, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ரோல் கால் எட்டும் தெளிவு. மதியம் கொண்டுவந்த தயிர்ச் சோற்றைத் திறக்கப் போகும் நேரத்தில் போன். முத்தலாபுரத்துக்கு மேற்கே ஒரு பட்டாசு ஆலையில் தீ. ஏசுவடியான் அண்ணாச்சியின் வண்டியை அனுப்பினேன். போகிறோம் என்று சொன்னது கேட்டது. அடுத்து இரண்டாவது வண்டியைப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து கிளப்பி, முன்வாசல் ரோடு வழியாகப் போகச் சொன்னேன். முறைப்படி அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு இரைச்சல்.

"முத்தலாபுரம், சொல்லுங்க. முத்தலாபுரம், கேக்கலை, மறுபடி சொல்லுங்க." எத்தனை தடவை கத்தினேனோ தெரியாது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். டவருக்குக் கீழே வண்டி இல்லை. மரத்தடியிலும் இல்லை. போனில் கூப்பிட்டால் எடுக்க ஆள் இல்லை. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, எல்லோரும் வண்டியிலேயே வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

முன்வாசலை ஒட்டிய வெடிமருந்துக் கொட்டகை பற்றிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது வண்டி பின்பக்கமாக வர வேண்டும் என்று அண்ணாச்சி திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. வண்டிக்கு வண்டி பேசுவதும் எங்கள் டவர் வழியாகத்தான் போகும் என்பதால் அவர்களுக்கும் கேட்கவில்லை. இரண்டாவது வண்டி முன்வாசலில் போய் நின்று, கொட்டகை வெடிப்பதைப் பார்த்துவிட்டுப் பின்னால் எடுத்துச் சுற்றிக்கொண்டு வருவதற்குள், முதல் வண்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. உள்ளே மூன்று பெண்கள் மாட்டியிருந்தார்கள். அண்ணாச்சி நனைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூவரும் வெளியே வந்தார்கள். அவருடைய இரண்டு கைகளும் வெந்துவிட்டன.

ரேடியோ திடீரென்று தெளிந்த கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் உள்ளே வந்தார். கையில் எங்கள் டிபன் கேரியர்.

"உங்க வீட்டுக்காரர் குடுக்கச் சொன்னாரும்மா. வரக் கூடாதுன்னு சொன்னீங்களாம்ல. நீங்க சாப்பிடுறீங்களா பட்டினி கிடக்கிறீங்களான்னு பாக்கணும்னு இம்புட்டு நேரம் அந்தச் சுவருக்குப் பின்னாடிதான் நின்னாரு."

கேரியர் இன்னும் சூடாக இருந்தது. திறக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

விசாரணை. மாவட்ட அலுவலர் என்னிடம் கேட்டதெல்லாம் கொஞ்சம்தான். நான் நாற்காலியில் இருந்ததை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார், நான் கூப்பிட்டதை எல்லா ஸ்டேஷனும் கேட்டிருக்கிறது. ஆகவே என் மேல் தவறில்லை. கேபிள் மாற்றிய பிறகு ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது, பதில் வராததற்குக் காரணம் ஏசுவடியானாகத்தான் இருக்க வேண்டும், பதற்றத்தில் மைக் பித்தானை அமுக்காமலே பேசியிருப்பார் என்றார். கூட இருந்தவர்கள் அமுக்கித்தான் பேசினார் என்கிறார்களாம், அவர்கள் அப்படித்தானே சொல்வார்கள் என்றார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது அண்ணாச்சி மேல் நடவடிக்கை வரும்.

"நீங்க போய் ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார்.

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 26, சனி

காலையிலேயே கேட்டுவிட்டேன். வண்டியிலிருந்து அதைப் பிடுங்கி வந்து அடுப்படி மேடையில் வைத்தேன். இவர் மறைக்கவில்லை. பைபாஸில் லாரி சாமான் கடையில் வாங்கியதாம். அதைச் செருகினால் வண்டி எங்கே நிற்கிறது என்பது முதலாளியின் போனில் தெரியாதாம். சொன்ன ரூட்டை விட்டு விலகினால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தாராம்.

"நீங்க எங்க விலகிப் போனீங்க?" என்றேன்.

"எங்க போனேன்? வீட்டுக்கு வந்து சோறு வடிச்சு உனக்குக் கொண்டாந்தேன். வேற எங்க போனேன்?"

அவருடைய வண்டியை மட்டும் மறைக்கிற சாமான் என்றுதான் நினைத்திருக்கிறார். மட்டமான சரக்கு, பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றின் வாயையும் சேர்த்து அடைக்கிறது என்று நான் சொன்னபோது முதலில் புரியவில்லை. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே மெதுவாகச் சொன்னார்:

"கெணத்துல போட்டுருவோம் செம்பகம். யாருக்கும் தெரியாது. நான் உள்ள போயிட்டா உனக்கு யாரு சோறு வடிப்பா?"

எனக்கு அவர் மேல் கோபப்படத்தான் ஆசை. வரவில்லை. இது இவருடைய வண்டியில் இருக்கிறது என்று செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். புதன்கிழமை வாயைத் திறந்திருந்தால் வியாழக்கிழமை அந்த வண்டி சுவருக்குப் பின்னால் வந்து நின்றிருக்காது. அதை இவரிடம் சொன்னேன். இவர் எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

இன்று இருவரும் சாப்பிடவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணாச்சிக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. அவர் சம்சாரம் டம்ளரில் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணாச்சி எழுந்து உட்கார முயன்றார். நான் பேச்சை எடுப்பதற்குள் அவரே எடுத்துவிட்டார்.

"நீங்க அன்னைக்குக் கூப்பிட்டது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு தாயி. தொண்டை கட்டுற வரைக்கும் கூப்பிட்டீங்க. சாப்பிடப் போயிட்டீங்கன்னு நான் முன்னாடி சொன்னேன் பாருங்க, அது பாவம். மன்னிச்சிருங்க."

என்னிடம் மன்னிப்பு. அந்தக் கட்டுப்போட்ட கைகளைக் கும்பிடுகிற மாதிரி சேர்க்கப் பார்த்தார், சேர்க்க முடியவில்லை. நான் அழுதேன். அவர் சம்சாரம், இரக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு நின்றேன்.

ஜூலை 28, திங்கள்

வீட்டை விட்டுக் கிளம்பும்போது இவரிடம் கேட்டேன், வருவீர்களா என்று. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார், ஒரே பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டு. பிறகு வண்டிச் சாவியை எடுத்தார்.

மாடிக்குப் போய் அந்தச் சாமானை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாவட்ட அலுவலர் நம்பவில்லை. கட்டைவிரல் அளவு சாமான் எட்டு ஸ்டேஷனையும் எப்படி ஊமையாக்கும் என்றார். அவர்கள் ஊமையாகவில்லை சார், நாம்தான் செவிடானோம் என்றேன். வீட்டுக்காரரை மாட்டிவிடுகிறீர்களே, யோசித்துத்தான் பேசுகிறீர்களா என்றார். இவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவ தப்பா எதுவும் சொல்லலைங்க என்றார்.

இத்தனை வருஷமும் ரோல் காலைக் காலை எட்டு மணிக்கே எடுக்கிறோம், ஒரே ஒரு நாள் மதியம் ஒரு மணிக்கு எடுத்துப் பார்ப்போம், இவர் வண்டியை டவருக்குக் கீழே நிறுத்தட்டும் என்றேன். நெல்லையப்பனும் வரட்டும், மதிய பஸ்ஸை விட்டுவிட்டு. அலுவலர் நெடுநேரம் மேசையில் இருந்த அந்தக் கறுப்புச் சாமானைப் பேனாவால் நகர்த்திக்கொண்டிருந்தார். புதன்கிழமை என்றார்.

மதியம்: தயிர்ச் சோறு. பாதி.

ஜூலை 30, புதன்

அறை நிறைய ஆள். அலுவலர், நெல்லையப்பன், போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர். ஜன்னலுக்கு வெளியே மினி லாரி, பழைய இடத்திலேயே. இவர் வண்டிக்குள் நேராக உட்கார்ந்திருந்தார், பரீட்சை எழுத வந்த பையன் மாதிரி. என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். அதைச் செருகினார்.

ஒரு மணிக்கு மைக்கை எடுத்தேன். முதல் ஸ்டேஷனைக் கூப்பிட்டேன். இரைச்சல். இரண்டாவதைக் கூப்பிட்டேன். இரைச்சல். எட்டையும் வரிசையாகக் கூப்பிட்டேன், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல இடம் விட்டு. எட்டிலும் இரைச்சல்தான். அலுவலர் தன் போனில் முத்தலாபுரம் ஸ்டேஷனுக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். போனுக்குள் அவர்கள் மைக்கில் பேசும் குரல் கேட்டது. எங்கள் ரேடியோவில் இரைச்சல் மட்டும். அலுவலரின் முகம் வெளிறிவிட்டது. ஒரு ஆளை அநியாயமாகப் பழி சொன்னோம் என்று தெரிந்துகொண்ட முகம் அது. எனக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும், ஒரு வாரமாகக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

நெல்லையப்பன் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். இவர் அதைப் பிடுங்கினார்.

இரைச்சல் நின்ற இடத்தில் ஒரே நேரத்தில் நாலைந்து குரல்கள் முட்டிக்கொண்டன. அவற்றுக்குள் ஒன்று எனக்குப் பழகிய குரல். இன்று காலை டிஸ்சார்ஜ் ஆகி, வீட்டுக்குப் போகாமல், ரோல் காலுக்கென்று ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்திருந்தாராம். பக்கத்தில் ஒருவர் பித்தானை அமுக்கிப் பிடிக்க, அண்ணாச்சி பேசினார்.

"முத்தலாபுரம். நாங்க பேசிக்கிட்டேதான் இருக்கோம் தாயி. கேக்குதா?"

இன்ஸ்பெக்டர் வெளியே போய் வண்டிக் கதவைத் திறந்தார். இவர் இறங்கி, அந்தச் சாமானை அவர் கையில் கொடுத்துவிட்டு, வண்டிக்குள் மறுபடி குனிந்தார். டிபன் கேரியரை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். சூடாத்தான் இருக்கு, தின்னுரு என்றார். பிறகு இன்ஸ்பெக்டரோடு நடந்து போனார்.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்தலாபுரம் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தது. மைக்கை அமுக்கினேன்.

"கேக்குது அண்ணாச்சி. தெளிவா கேக்குது."